தெவிட்டிய கரைசல்: ஏன் இந்தச் சொல்?

பந்தியில் மூன்றாம் முறை பாயசம் ஊற்ற வருபவரிடம் "போதும், திகட்டுது" என்று இலைக்கு மேலே கையை நீட்டுவோமே, அந்தத் திகட்டலின் எழுத்து வடிவம்தான் தெவிட்டல். ஒரு வெப்பநிலையில் இதற்கு மேல் கரையாது என்னும் அளவுக்குப் பொருள் கரைந்துவிட்ட கரைசல்தான் சாச்சுரேட்டட் சொல்யூஷன், அதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தெவிட்டிய கரைசல் என்கின்றன. அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரான 'சாத்துர்' என்பதற்கும் வயிறு நிறைந்த என்றுதான் பொருள்.

இலங்கையில் நிரம்பிய கரைசல் என்பார்கள், பூரிதக் கரைசல் என்றும் ஒரு வழக்கு உண்டு. இரண்டும் தவறில்லை. ஆனால் நிரம்பியது என்றதும் குடம்தான் மனதில் வருகிறது, குடத்தின் கொள்ளளவோ மாறாதது. தண்ணீர் அப்படி இல்லை. 100 கிராம் தண்ணீரில் பொட்டாசியம் நைட்ரேட், அதாவது வெடியுப்பு, 20 டிகிரி செல்சியஸில் சுமார் 32 கிராம் கரையும், 60 டிகிரியில் சுமார் 110 கிராம். சூடு ஏற ஏறப் பசி கூடுகிறது! சமையல் உப்போ அறை வெப்பத்தில் 36 கிராம், 100 டிகிரியிலும் ஏறக்குறைய 39தான், அதனால் வெப்பநிலைக்கு எதிரே கரையும் அளவைக் குறித்து வரையும் கரைதிறன் கோடு உப்புக்குப் படுத்தே கிடக்கும்.

சரி, இந்தக் கரைதிறன் வளைகோட்டைப் படிப்பது எப்படி? முதலில் கணக்கை 100 கிராம் தண்ணீருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 60 டிகிரியில் 80 கிராம் வெடியுப்பு என்றால் புள்ளி கோட்டுக்குக் கீழே விழும், அது தெவிட்டாத கரைசல். சரியாகக் கோட்டிலேயே விழுந்தால் தெவிட்டியது. 80 கிராம் கரைந்த அந்தக் கரைசலை 20 டிகிரிக்கு ஆறவிட்டால் 48 கிராம் படிகமாகப் பிரிய வேண்டும், பிரியாமல் அத்தனையும் கரைந்தே நின்றால்தான் அது அதிதெவிட்டிய கரைசல்.

இந்த இடத்தில்தான் பல மாணவர்கள் மதிப்பெண்ணை விடுகிறார்கள். 20 டிகிரி தண்ணீரில் 50 கிராமைக் கொட்டிக் கலக்கினாலும் புள்ளி கோட்டைத் தாண்டித்தான் விழும், ஆனால் 18 கிராம் அடியில் தங்கிவிடுவதால் மேலே நிற்கும் கரைசல் வெறும் தெவிட்டியதுதான், இதை வரைபடம் காட்டாது, முகவையின், அதாவது பீக்கரின், அடியைப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம், அதி என்ற வடமொழி ஒட்டுக்குப் பதில் மீதெவிட்டிய என்றே சொல்லலாம், அழகாகவே இருக்கிறது. நம் வீட்டுத் தேனும் ஒரு மீதெவிட்டிய சர்க்கரைக் கரைசல்தான். நாளாக ஆக அடியில் வெள்ளையாக உறைவது பெரும்பாலும் பிரிந்து வந்த குளுக்கோஸ், அதை வைத்தே கலப்படம் என்று முடிவுகட்டிக் கொட்டிவிடாதீர்கள், குப்பியை வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் மறுபடி இளகிவிடும்.