கிராஃப்ட்: எழுத்தாணியிலிருந்து வந்த சொல்

உப்புவெளியில் இருக்கும் மாமாவுக்குப் போன வருடம் கொழும்பில் பைபாஸ் செய்தார்கள். துண்டில் ‘சி.ஏ.பி.ஜி.’ என்று எழுதியிருந்தது. டொக்டர்மார் அதைச் சேர்த்து ‘கபேஜ்’ என்றே சொல்வார்கள். காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு மாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, நெஞ்சு வருத்தத்துக்கும் கோவாவுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். முட்டைக்கோஸைத்தான் நாங்கள் கோவா என்போம், ஆங்கிலத்தில் அது ‘கபேஜ்’.

சரி, கோவாவை விடுவோம். அந்த நாலெழுத்தின் விரிவு ‘கொரோனரி ஆர்ட்டரி பைபாஸ் கிராஃப்ட்’. கடைசியாக நிற்கும் ‘கிராஃப்ட்’தான் (graft) இங்கே விசயம்.

கிரேக்கத்தில் எழுதும் கருவிக்கு ‘கிராஃபியோன்’ என்று பெயர். லத்தீனில் அது ‘கிராஃபியம்’. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது தோட்டச் சொல்லாகிவிட்டது. ஒட்டுக் கட்டுகிறவர் கிளைத்துண்டின் அடியை இரண்டு பக்கமும் சீவிக் கூராக்குவார். அதைப் பார்த்த யாருக்கோ எழுத்தாணி ஞாபகம் வந்திருக்கிறது. ஓலையில் எழுதிய பரம்பரைக்கு இந்த உவமையை விளக்கத் தேவையில்லை. மருத்துவர்கள் பிற்பாடு தோட்டக்காரரிடமிருந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே ‘ஒட்டு’ என்பதே நேரான தமிழ். மாமா வீட்டு முற்றத்தில் நிற்கும் கறுத்தக்கொழும்பான் மாவும் ஒட்டு மரம்தான். சிலர் ‘பதியம்’ என்று எழுதுகிறார்கள். பதியம் வேறு: கிளையைத் தாய்மரத்திலிருந்து வெட்டாமல், வளைத்து மண்ணில் புதைத்து வேர் பிடிக்க விடுவது. காலிலிருந்து நாளத்தை வெட்டி எடுத்து இதயத்தில் தைப்பதற்கு அது பொருந்தாது. இப்படிக் கால் நாளத்தை எடுத்துத் தைப்பதுதான் 1967இல் அறுவைச் சிகிச்சை நிபுணர் ரெனே ஃபவலோரோ அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் காட்டிய வழி. நாளத்துக்குள் ஒருவழி வால்வுகள் இருப்பதால் அதைத் தலைகீழாகத் திருப்பித் தைப்பார்கள். ஆனால் நெஞ்சுச் சுவரின் உட்பக்கம் ஓடும் நாடியை எடுக்கும்போது பெரும்பாலும் மேல்முனையை வெட்டாமல் விட்டு, கீழ்முனையை மட்டும் கொண்டுவந்து பொருத்துவார்கள். அதைப் பதியம் என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

(நாம் பள்ளியில் படித்த நாடியும் நாளமும் தமிழ்நாட்டுப் புத்தகங்களில் தமனியும் சிரையும்.)

‘ஒட்டு’ என்று மட்டும் சொன்னால் சைக்கிள் டியூப் ஞாபகம் வந்துவிடும். மாமியும் இதய நாடியில் இருந்த அடைப்புக்கு மேலே ஏதோ ஒட்டியிருக்கிறார்கள் என்றே நினைத்தார். அடைப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டிப் போகப் புதுவழி தைத்திருக்கிறார்கள். அதனால் எனக்கு ‘ஒட்டுக்குழாய்’ பிடிக்கிறது. உடம்பிலிருந்து எடுத்தது ஒட்டுநாளம் அல்லது ஒட்டுநாடி, தொழிற்சாலையில் செய்தது செயற்கை ஒட்டுக்குழாய்.

அந்தச் செயற்கைக் குழாய் ஒன்றை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தேன். வெள்ளை நிறம், பொலியெஸ்டர், மடிந்து நெரியாமல் இருக்க உடம்பு முழுக்க நெளிவு. 1950களில் அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் மைக்கேல் டிபேக்கி மனைவியின் தையல் மெஷினில் தைத்துப் பார்த்தது டாக்ரன் என்ற இந்தப் பொலியெஸ்டர் துணியைத்தான். பெருநாடிக்கு இது நன்றாக உழைக்கும். 6 மில்லிமீற்றருக்குக் குறைந்த குழாயில் இரத்தம் சீக்கிரம் உறைந்து அடைத்துவிடும். இதயத்துக்குச் சொந்த நாளத்தைத் தேடுவது அதனால்தான்.

இதை மாமாவிடம் சொன்னேன். திருக்கடலூரில் வலையோடு வளர்ந்த மனிதர். காலில் இருந்த தையல் தழும்பைத் தடவிக்கொண்டு, “அந்தக் குழாய் வலை மாதிரிப் பின்னினதோ, துணி மாதிரி நெய்ததோ?” என்றார்.

இரண்டும் உண்டு. பின்னியது இளக்கம், தைக்கச் சுகம். ஆனால் பின்னல் கண்ணுக்குள்ளால் இரத்தம் கசியும், கொலாஜனோ ஜெலட்டினோ பூசி அடைக்க வேண்டும். நெய்தது இறுக்கம், கசிவு குறைவு.