நிறம் போனது சரி, மாசு எங்கே போனது?

மின்வேதியியல் முறையில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் கருவியை விற்க வருபவர்கள் பெரும்பாலும் சாயநீரில்தான் செய்து காட்டுவார்கள். கருநீலமாக உள்ளே போவது நிறமற்று வெளியே வரும். பார்த்தவர்கள் அங்கேயே மயங்கிவிடுகிறார்கள்.

அசோ என்ற வகைச் சாயத்துக்கு நிறம் தருவதில் முக்கியமானது இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலுள்ள இரட்டைப் பிணைப்பு. அது அறுந்தாலே நிறம் போய்விடும். பென்சீன் வளையங்களைச் சுமக்கும் மிச்சத் துண்டுகள் தண்ணீரிலேயே கிடக்கலாம். சிலவேளை அவை மூலச் சாயத்தைவிட நச்சாகவும் இருக்கும். ஆகவே டிஓசி, அதாவது மொத்தக் கரிமக் கார்பன், எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள்.

அப்புறம் உப்பு. நீரில் குளோரைடு இருந்தால் நேர்மின்வாயில் குளோரின் உருவாகி நிறத்தை மளமளவென்று வெளுத்துவிடும். கூடவே குளோரோஃபார்ம் போன்றவையும் உருவாகலாம். போரான் கலந்த வைர எலெக்ட்ரோடில், அதாவது மின்வாயில், பிறக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற தீவிரமாக வினைபுரியும் துணுக்கு, எளிதில் சிதையாத பொருளையும் கார்பன் டைஆக்சைடு வரை எரிக்கும். ஆனால் அதே எலெக்ட்ரோடு குளோரைடைப் பெர்குளோரேட் வரை கொண்டுபோய்விடும். தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் பொருள் அது. சிஓடி, அதாவது மாசை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு, அந்தச் சோதனையில் பெர்குளோரேட் அகப்படாது. தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

மாதிரி எடுக்கும்போதும் கவனம் தேவை. பாட்டிலில் பிடித்த நீரில் மிச்சக் குளோரின் இருந்தால், ஆய்வகம் போய்ச் சேரும்வரை வினை நடந்துகொண்டே இருக்கும். ஸ்டார்ச்-அயோடைடு தாளை நனைத்துப் பாருங்கள். நீலமானால் உடனே சோடியம் சல்ஃபைட் சேர்க்க வேண்டும், அதையும் அளவோடு. கூடிப்போனால் சல்ஃபைட்டே சிஓடியை ஏற்றிக் காட்டும்.

மின்செலவுக்கு ஒரு கைக்கணக்கு சொல்கிறேன். ஒரு எலெக்ட்ரான்கூட வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், 1 கிலோ சிஓடியை எரிக்கச் சுமார் 3,350 ஆம்பியர்-மணி வேண்டும். செல்லில், அதாவது மின்வாய்கள் உள்ள கலத்தில், 5 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட 17 யூனிட். அதே வோல்ட்டில் 3 யூனிட் போதும் என்று யாராவது சொன்னால், அந்த மாசு எரியவில்லை, பெரும்பாலும் கசடாக இறங்கியிருக்கிறது என்று பொருள். இரும்பு, அலுமினியத் தகடுகளைக் கரைத்து மாசைத் திரட்டும் முறையையும் மின்வேதியியல் என்ற இதே பெயரில் விற்பதுண்டு. அது கெட்ட முறை அல்ல, ஆனால் கசடை அப்புறப்படுத்தும் செலவு உங்கள் தலையில்தான்.

சிஓடி குறையக் குறைய மின்சாரம் ஆக்சிஜன் குமிழி விடுவதிலேயே வீணாகும். நுண்ணுயிர் தின்னக்கூடியதை நுண்ணுயிருக்கே விட்டுவிட்டு, அது தொடாததை மட்டும் செல்லுக்கு அனுப்புங்கள். செல்லை மூடிய அறையில் வைக்காதீர்கள்: எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பொறி பட்டால் தீப்பிடிக்கும்.