ஸ்ஃபெரிக்ஸ்: மின்னல் வானலை

மின்னல் வெட்டும்போது அதிலிருந்து கிளம்பி நாற்புறமும் பரவும் வானொலி அலைத்துடிப்புக்கு ‘ஸ்ஃபெரிக்ஸ்’ என்று பெயர். ‘அட்மாஸ்ஃபெரிக்ஸ்’ என்ற நீண்ட சொல்லின் தலையை வெட்டி இதை உருவாக்கினார்கள். கிரேக்கத்தில் ‘அட்மோஸ்’ என்றால் ஆவி, ‘ஸ்ஃபைரா’ என்றால் உருண்டை; இரண்டும் சேர்ந்தே வளிமண்டலத்தைக் குறிக்கும் சொல் பிறந்தது. சுருக்கியபோது பொருள் தரும் ஆவி போய், வெறும் உருண்டை மட்டும் எஞ்சியது. ஆகவே இச்சொல்லை அப்படியே பெயர்த்துத் தமிழாக்க முயல்வதில் பயனில்லை.

நீலகிரியில் இதைக் கேட்டறியப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஐப்பசி மாலையில், கோத்தகிரிப் பக்கம் சமவெளியை நோக்கிய ஒரு திண்ணையில் அமர்ந்து, பேட்டரியில் ஓடும் பழைய டிரான்சிஸ்டரை மத்திய அலையில் எந்த நிலையமும் எடுக்காத இடத்தில் நிறுத்தினால் போதும். மேட்டுப்பாளையத்துக்கு அப்பால் மேகம் ஒளிரும் அதே கணத்தில் ரேடியோ ‘சடக்’ என்று வெடிக்கும். இடியோசையோ வந்து சேராது, ஏனெனில் 20 கிலோமீட்டரைத் தாண்டி இடி காதுக்கு எட்டுவது அரிது. “ரேடியோ கொரகொரங்குது, துணியை எடு” என்று எங்கள் வீட்டில் பாட்டி சொன்னது இந்த அலையைக் கேட்டுத்தான்.

மத்திய அலையில் நாம் கேட்பது அதன் ஓரம் மட்டுமே. மின்னல் உமிழும் அலையின் வலிமை 5 முதல் 10 கிலோஹெர்ட்சை ஒட்டிய மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் திரண்டிருக்கிறது. 10 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 30 கிலோமீட்டர், அதாவது ஊட்டியிலிருந்து கோத்தகிரிக்குச் சாலைவழியே செல்லும் தொலைவுக்கு ஏறத்தாழ இணை. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாததால், மலை அந்த அலைக்குத் தடையாவதில்லை. மேலே பகலில் 70, இரவில் 85 கிலோமீட்டர் அளவில் அமைந்த அயனிமண்டலத்தின் (மின்னேற்றத் துகள்கள் நிறைந்த மேல்வளி அடுக்கின்) அடிப்பரப்புக்கும் கீழே நிலத்துக்கும் இடையில், குழாய்க்குள் ஓடும் நீர்போல் அது அடங்கிச் செல்வதால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்தும் பதிவாகும்படி வலுவோடு இருக்கிறது.

1895இல் ரஷ்யாவில் இயற்பியலாளர் போபோவ் அமைத்த கருவி, தொலைவில் மின்னல் வெட்டியபோது மணியடித்துக் காட்டியது. பின்னாளில் ரேடாருக்காகப் புகழ்பெற்ற பிரிட்டனின் வாட்சன்-வாட், 1920களில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்திய இரண்டு வளைய ஆண்டெனாக்களை எதிர்மின்கதிர்க் குழாயுடன் இணைத்து, அலை வந்த திசை திரையில் ஒரு கோடாகத் தெரியும்படி செய்தார். இரண்டு ஊர்களில் கிடைத்த திசைக்கோடுகளை வரைபடத்தில் நீட்டினால், அவை வெட்டிக்கொள்ளும் இடமே மின்னல் வெட்டிய இடம்.

இன்று திசையைவிட நேரமே பெரிதும் பயன்படுகிறது. அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் செல்கிறது; ஊட்டிக்கு மேலே வெட்டிய மின்னலின் அலை, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 430 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையை 1.4 மில்லி விநாடியில் அடைந்துவிடும். இரண்டு நிலையங்களை அது அடைந்த நேர வேறுபாடு வரைபடத்தில் ஓர் அதிபரவளையத்தை, அதாவது அந்த நேர வேறுபாட்டைத் தரக்கூடிய எல்லா இடங்களையும் இணைக்கும் வளைகோட்டைத் தருகிறது. வேறு நிலையங்களையும் சேர்த்து அவ்வளைகோடுகள் சந்திக்கும் புள்ளியைக் கண்டுபிடிக்கிறார்கள். ஜிபிஎஸ் வழியே எல்லா நிலையங்களின் கடிகாரங்களும் ஒத்து ஓடுவதால்தான் இது கைகூடுகிறது.

இனி, தமிழில் என்ன சொல்வது? ‘வளிமண்டல இரைச்சல்’ என்பது பாட்டுக் கேட்பவரின் பார்வை. அவருக்கு அது தொல்லை. மின்னலைத் தேடுபவருக்கு அந்த இரைச்சலே செய்தியாக இருப்பதால், அப்பெயர் இங்கே ஒட்டாது. ‘மின்னலை’ என்று சுருக்கலாமே என முதலில் தோன்றும். ‘மின்னும் பின்னும் பன்னும் கன்னும்’ என்று தொல்காப்பியம் நூற்பா தொடுக்கும் காலத்திலேயே ‘மின்’ என்பது மின்னலைக் குறித்த சொல்தான். ஆனால் அச்சொல்லை நாம் மின்சாரத்துக்குக் கொடுத்துவிட்டோம். அதோடு, ‘மின்னலைப் பதிவுசெய்தேன்’ என்றால் மின்னல் என்ற சொல் ஐயுருபு ஏற்று நிற்கிறதா, மின் அலை என்ற தொடர் சேர்ந்து நிற்கிறதா என்று படிப்பவர் திகைப்பார்.

எனவே ‘மின்னல் வானலை’ என்பதையே நான் தேர்கிறேன். வானொலி அலையை வானலை என்பது ஏற்கெனவே வழக்கில் உள்ளது. முன்னே நிற்கும் மின்னல் அதன் பிறப்பிடத்தைச் சொல்லிவிடுகிறது. ‘மின்னல் வானலை நிலையம்’, ‘மின்னல் வானலைப் பதிவு’ என்று அடுத்தடுத்த சொற்களும் இதிலிருந்து தடையின்றிக் கிளைக்கும்: “குன்னூரில் மழையில்லை, ஆனால் சத்தியமங்கலத்துத் திசையிலிருந்து மின்னல் வானலை தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது.”