குறுந்தகட்டின் விளிம்பில் பச்சை மை தடவினால் இசை தெளிவாகுமா?

ஒலிப்பதிவுகளை வெளியீட்டுக்கு ஆயத்தம் செய்யும் மாஸ்டரிங் பணியில் இருப்பதால், என்னிடம் அவ்வப்போது யாராவது ஒரு சிடியைக் கொடுத்து, "கேட்டுப் பாருங்கள், முன்பைவிட எவ்வளவு தெளிவு!" என்பதுண்டு. தகட்டின் விளிம்பைச் சுற்றிப் பச்சை மார்க்கர் பேனாவால் தீட்டியிருப்பார்கள். அல்லது பளபளப்பேற்றும் திரவம் ஒன்றைத் தடவியிருப்பார்கள். ஃப்ரீசரில் ஓரிரவு வைத்து எடுத்தவர்களும், காந்தத்தை நீக்குவதாகச் சொல்லி விற்கப்படும் கருவியின் மேல் தகட்டை வைத்து எடுத்தவர்களும் உண்டு. இவற்றுள் பேனா மலிவானது, கருவிகள் அப்படியல்ல.

இந்தப் பழக்கத்தின் வேரை அறிந்தால் அதைக் கேலி செய்ய மனம் வராது. இசைத்தட்டைப் பொறுத்தவரை, தட்டைப் பேணுவது என்பது ஒலியைப் பேணுவதேயாகும். ஊசி பள்ளத்தின் சுவரைத் தொட்டபடியே செல்வதால், அங்கே கிடக்கும் தூசும் விரல் எண்ணெயும் இசையோடு சேர்ந்தே ஸ்பீக்கருக்கு வந்துவிடுகின்றன. 1982-இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தபோது ஊசி போய் லேசர் வந்தது. இசைத்தட்டைத் துடைத்துப் பழகிய கைகள் மட்டும் அதே வேலையைத் தொடர்ந்தன.

குறுந்தகட்டில் நடப்பது வேறு. 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் மறுபக்கத்தில் இருக்கும் மெல்லிய அலுமினியப் படலத்தில், இசையை எண்களாகத் தாங்கிய தடங்கள் 1.6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் ஓடுகின்றன. தகட்டுக்குள் நுழையும் இடத்தில் லேசர் கற்றை ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் அகலம் கொண்டது; அலுமினியத்தை எட்டும்போதுதான் அது சுமார் 1.7 மைக்ரானாகக் குவிகிறது. மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சிறு தூசு குவியத்துக்கு வெளியே நின்றுவிடுவது இதனால்தான். அதையும் மீறிப் பிழை நேர்ந்தால் திருத்துவதற்கு ரீட்-சாலமன் குறியீடு இருக்கிறது: ஒவ்வொரு 24 பைட் இசைத் தரவுக்கும் 8 பைட் சரிபார்ப்புத் தரவு சேர்க்கப்பட்டு, அனைத்தும் தடத்தின் நீளத்தில் கலைத்து அடுக்கப்பட்டிருக்கும். தடத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளம் தொடர்ச்சியாகப் படிக்க முடியாமல் போனாலும், இழந்த எண்கள் ஒன்றுவிடாமல் மீட்கப்படும். ஊகத்தால் நிரப்புவதாக இதை எண்ணிவிடக் கூடாது. கணக்குப்படி அதே எண்கள் திரும்பக் கிடைக்கின்றன.

சரி, அந்தத் திருத்தமும் தோற்றுப்போனால் காதுக்கு என்ன கேட்கும்? பிளேயர் முதலில் அக்கம்பக்கத்து மாதிரிகளைக் (ஒலியைக் கணத்துக்குக் கணம் அளந்து குறித்த எண்களைக்) கொண்டு இடைவெளியை நிரப்பப் பார்க்கும். அதுவும் முடியாவிட்டால் ஒலியைக் கணநேரம் அடக்கிவிடும், அல்லது 'டிக்' என்ற வெடிப்பு கேட்கும், அல்லது தடம் தாவும். இந்த வாதத்தில் நான் மிகவும் முக்கியமாகக் கருதும் இடம் இதுதான். படிக்கும் பிழையால் வயலின் மங்குவதில்லை, மிருதங்கத்தின் தொப்பி கனம் இழப்பதில்லை, பாடுபவர் ஓரடி பின்னால் தள்ளி நிற்பதுமில்லை. எண்ணைக் குலைக்கும் கோளாறுக்கு எது வயலின், எது தம்புரா என்று தெரியாது. ஆகவே "திரை விலகியதுபோல் இருக்கிறது" என்று ஒருவர் சொல்லும்போது, அந்தத் திரை தகட்டில் இருந்திருக்க வழியில்லை.

பச்சை மைக்குச் சொல்லப்படும் காரணம், சிதறும் லேசர் ஒளியை அது உறிஞ்சுகிறது என்பது. சிடியின் லேசர் 780 நானோமீட்டர் அலைநீளத்தில், அகச்சிவப்பில் இயங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பைப் பச்சை மை உறிஞ்சுகிறது என்பதால் அகச்சிவப்பையும் உறிஞ்சும் என்றாகிவிடாது. காந்தநீக்கியைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை: அலுமினியமும் பாலிகார்பனேட்டும் காந்தத்தைத் தக்கவைப்பவை அல்ல.

சற்று நின்று பதில் சொல்லத் தகுந்த வாதம் ஒன்று உண்டு. எண்கள் மாறாவிட்டாலும் அவை வந்துசேரும் நேரம் தடுமாறுகிறது, தகட்டைச் சீராக்கினால் அந்தத் தடுமாற்றம் குறைகிறது என்பார்கள். தகட்டின் சுழற்சி உண்மையில் தடுமாறத்தான் செய்கிறது; அதனால்தான் படித்த தரவு முதலில் ஒரு தற்காலிக நினைவகத்தில் சேர்க்கப்பட்டு, அங்கிருந்து படிகக் கடிகாரத்தின் தாளத்துக்கு, நொடிக்கு 44,100 மாதிரிகள் வீதம் வெளியே அனுப்பப்படுகிறது. தொட்டியில் நீர் விட்டுவிட்டு விழுந்தாலும், அடியில் உள்ள குழாயில் ஒழுங்காகத்தான் ஓடும். இதற்குப் பிறகும் ஏதேனும் மிஞ்சுமானால் அது அனலாக் வெளியீட்டில் அளவீடாகத் தெரிய வேண்டும். தகட்டுக்கு வைத்தியம் செய்வதற்கு முன்னும் பின்னும் நான் அளந்தவரை தெரிந்ததில்லை.

ஒருமுறை, பச்சை மையின்மேல் அசையாத நம்பிக்கை கொண்ட அன்பர் ஒருவர் என்னுடன் அமர்ந்து சோதிக்க ஒப்புக்கொண்டார். கைரேகை படிந்த சிடி ஒன்றை எடுத்து, அதே டிரைவில், மை தீட்டுவதற்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் கோப்பாக எடுத்தோம். (டிரைவை மாற்றினாலோ வேறு பதிப்பின் தகட்டை எடுத்தாலோ இசை சில மாதிரிகள் முன்பின்னாகத் தொடங்கி, செக்சம் (கோப்பின் எல்லா எண்களிலிருந்தும் கணக்கிடப்படும் அடையாள எண்) வேறுபடும், அதை ஒலி வேறுபாடு என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.) இரண்டு செக்சங்களும் ஒன்றே. மென்பொருள் தடுமாறிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கலாமே என்று அவர் கேட்டார், நியாயமான கேள்வி. மை இல்லாமலும் மையோடும் பிளேயரின் டிஜிட்டல் வெளியீட்டை நேரடியாகப் பதிவு செய்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்த்தோம். மீதி சுழியம். பிறகு மென்துணியால் கைரேகையைத் துடைத்தபோது முதல்நிலைப் பிழைகளின் (திருத்தத்தின் முதல் கட்டத்தில் பிடிபடுபவற்றின்) எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. வெளியே வந்த எண்களோ அப்போதும் முன்புபோலவே இருந்தன, ஏனெனில் அந்தப் பிழைகள் முன்பும் முழுமையாகத் திருத்தப்பட்டுத்தான் வந்துகொண்டிருந்தன.

பிறகு ஒரே பதிப்பின் இரண்டு தகடுகளில், மை தீட்டியது ஓடுகிறதா தீட்டாதது ஓடுகிறதா என்று தெரியாதபடி அவரைக் கேட்க வைத்தோம். 16 முறை கேட்டு 12 முறையாவது சரியாகச் சொன்னால், அது குருட்டு யோகமாக இருப்பதற்கான வாய்ப்பு 100-இல் 4-க்கும் குறைவு. அவர் 7 முறை சரியாகச் சொன்னார். அவருடைய காதில் குறையில்லை. மை பூசிய பின் கேட்கும் மனம் புதிதாக எதையாவது தேடிக்கொண்டே கேட்கிறது, அதுவரை கவனிக்காத மூச்சொலியும் விரல் அசைவும் அப்போது புலப்படுகின்றன. எனக்கும் அது நேர்ந்திருக்கிறது: இணைக்கப்படாத ஈக்வலைசரின் குமிழைத் திருகியபடி, ஒலி மேம்பட்டுவிட்டது என்று தலையாட்டியிருக்கிறேன்.

பயனில்லாவிட்டாலும் கெடுதல் இல்லை என்று விட்டுவிட முடியாது. அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பாலிகார்பனேட்டில் நுண்விரிசல்களை உண்டாக்கும். பலர் பத்திரமானதாக நினைக்கும் அச்சிட்ட பக்கத்தில், அலுமினியத்துக்குக் காப்பாக இருப்பது சில மைக்ரான் கனமுள்ள வார்னிஷ் மட்டுமே. ஆழமான கீறல் அங்கே விழுந்தால் அதைத் திருத்த முடியாது. துடைக்க வேண்டுமானால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு நீண்டு, திருத்தும் எல்லையைத் தாண்டிவிடும்.

சில வாரங்கள் கழித்து அதே அன்பர், ஒரே ஆல்பத்தின் இரண்டு சிடிகளோடு வந்தார். ஒன்றில் பச்சை மை, மற்றொன்றில் இல்லை. இந்த முறை 16-க்கு 16 சரியாகச் சொன்னார். அலைவடிவத்தைத் திரையில் விரித்ததும் காரணம் தெரிந்தது: மை பூசிய தகடு பிற்காலத்து மறுமாஸ்டரிங் பதிப்பு, ஒலி மட்டம் ஏறத்தாழ 4 டெசிபல் கூடுதல். இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் போட்டேன். அப்போதும் 16-க்கு 16. ஆனால் இப்போது அவர் நன்றாக இருக்கிறது என்று காட்டியது மை பூசாத தகட்டை.