வில்லங்கச் சான்றில் தெரியாத வாரிசுகள்

இடம் வாங்கப் போகிறவர்கள் ஆலோசனைக்கு வரும்போது பெரும்பாலும் மூன்று காகிதங்கள் கொண்டுவருவார்கள்: விற்பவரின் பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று (இ.சி.). "இ.சி. க்ளீனா இருக்கு சார், அட்வான்ஸ் கொடுத்துடலாமா?" என்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு: "இந்தச் சொத்துக்குச் சொந்தக்காரராக இருந்தவர்களில் யாராவது இறந்திருக்கிறார்களா?"

காரணம் இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல்தான் வில்லங்கச் சான்று. ஒருவர் இறந்தால் அந்த நிமிடமே சொத்து அவருடைய வாரிசுகளுக்குப் போய்விடுகிறது. அதற்கு யாரும் பத்திரம் எழுதுவதில்லை, பதிவு செய்வதுமில்லை. எனவே வாரிசு உரிமை எந்த இ.சி.யிலும் வராது. நான் பார்க்கும் பாகப்பிரிவினை வழக்குகளில், பணம் கொடுத்து வாங்கிய அப்பாவி பிரதிவாதியாக நிற்பது அதிகமும் இதனால்தான்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றி. சென்னைப் புறநகரில் ஒரு மனை. அப்பா 1984-இல் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. 1997-இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். 2003-இல் மகன்கள் இருவரும் ஆளுக்குப் பாதி என்று பாகப்பிரிவினை எழுதிப் பதிவு செய்தார்கள். 2016-இல் தம்பி தன் பாதியை விற்றார். வாங்கியவரின் இ.சி.யில் கிரயம், பாகப்பிரிவினை, கிரயம் என்று மூன்று பதிவுகளும் கோர்வையாக இருந்தன. வங்கியும் கடன் கொடுத்தது.

பிரச்சினை பாகப்பிரிவினைப் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரே வரியில் இருந்தது: "நம் தகப்பனார் காலமாகிவிட்டபடியால், அவருடைய வாரிசுகளாகிய நாம் இருவரும்…" இருவர் மட்டுமா? அம்மா அப்போது உயிரோடு இருந்தார். திருமணமாகி வெளியூரில் வாழும் அக்காவும் இருந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த மனை நான்கு சம பங்கு. பாதியை விற்ற தம்பிக்கு அன்றைக்கு உண்மையில் இருந்தது கால் பங்குதான். பிறகு அம்மாவும் உயில் எழுதாமல் இறந்தார், அவருடைய கால் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிந்தது. ஆக, அக்காவுக்கு மொத்தச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு. அவர் வழக்குப் போட்டபோது, அந்த மனையில் வீடு கட்டிக் குடிவந்தவருக்குத் தான் என்ன தவறு செய்தோம் என்றே புரியவில்லை.

"பொண்ணுக்குப் பங்கு 2005-லதானே வந்துச்சு? அதுக்கு முன்னாடியே பாகம் பிரிச்சாச்சே" என்று பலரும் கேட்கிறார்கள். பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து வேறு, அப்பாவின் சுயசம்பாத்தியம் வேறு. பூர்வீகச் சொத்தில்தான் மகளுக்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989-இல், அன்று திருமணமாகாதவர்களுக்கு மட்டும் வந்தது. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. ஆனால் 20.12.2004-க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமாகவோ நீதிமன்றத் தீர்ப்பாணை மூலமாகவோ முடிந்த பாகப்பிரிவினையை அந்தத் திருத்தம் தொடாது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்து, உயில் இல்லாமல் விட்டுப்போனதில் மகளுக்குச் சம பங்கு 1956-இலிருந்தே இருக்கிறது. அதை அண்ணன் தம்பி இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதும் பாகப்பிரிவினையால் அழிக்க முடியாது. "நகை போட்டுக் கல்யாணம் பண்ணி வைச்சோம்" என்பதும் சட்டத்தில் நிற்காது. அந்தப் பெண் சும்மா இருப்பதாலேயே அவருடைய பங்கு போய்விட்டது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதைவிட அதிகமாகக் கோட்டைவிடப்படுபவர் இறந்தவரின் அம்மா. மகன் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவரைப் பெற்ற தாயும் முதல் நிலை வாரிசு. தந்தை அந்த வரிசையில் இல்லை. மகன் 2010-இல் இறந்து, தாய் 2014-இல் இறந்தார் என்று வையுங்கள். இடையில் தாயின் பெயரில் எந்தப் பத்திரமும் இருக்காது. ஆனால் மகனிடமிருந்து அவருக்கு வந்த பங்கு, அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். அதாவது, இறந்த மகனின் பிள்ளைகள் விற்க வந்தால், அவர்களுடைய பெரியப்பா, சித்தப்பா, அத்தைகளும் பங்குதாரர்கள். இதைச் சொன்னால் விற்பவர்களே திகைத்துப்போவார்கள். அவர்கள் மறைக்கவில்லை, அவர்களுக்கே தெரியாது.

இதுவரை சொன்னது இந்துக்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், முஸ்லிம்களுக்கு அவர்களுடைய தனிச் சட்டம். பங்குக் கணக்கு முழுக்க வேறு, ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணக்குப் போடாதீர்கள்.

பட்டாவும் காப்பாற்றாது. கிராமத்து நிலங்களில் 1980-களின் யு.டி.ஆர். (நில ஆவணங்களைப் புதுப்பித்த திட்டம்) சமயத்தில் மூத்த மகன் பெயர் மட்டும் ஏறி, அப்படியே நின்றுபோன பட்டாக்களை இன்றும் பார்க்கிறேன். அந்தப் பட்டாவை வைத்து "என் அனுபவ பாத்தியச் சொத்து" என்று ஒருவர் தனியாக விற்க வந்தால், தாய்ப்பத்திரம், அதாவது சொத்தின் மூலப் பத்திரம், யார் பெயரில் இருந்தது என்று கேளுங்கள். தாய்ப்பத்திரம் முப்பது வருடத்துக்கு முந்தையது என்றால், இ.சி.யையும் அதுவரை பின்னோக்கி எடுங்கள். இணையத்தில் கிடைக்காத காலத்துக்கு அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்கலாம்.

வாரிசுச் சான்று கட்டாயம் வேண்டும், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். விண்ணப்பித்தவர் சொன்ன பெயர்களையும் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையையும் வைத்து வட்டாட்சியர் தருவது அது. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அது தீர்மானிக்காது. இறப்புச் சான்றோடு ஒப்பிடுங்கள், பழைய ரேஷன் கார்டு இருந்தால் பாருங்கள், பக்கத்து வீட்டில் பேச்சுக் கொடுங்கள். "அந்த வீட்டுப் பொண்ணு கோயம்புத்தூர்ல இருக்கு" என்ற ஒரு வார்த்தை அங்கேதான் வரும்.

உயிலும் இப்படித்தான். பதிவு செய்த உயில் சார்பதிவாளர் அலுவலகப் பதிவேடுகளில் 3-ஆம் புத்தகத்தில் ஏறும், இ.சி. எடுக்கும் 1-ஆம் புத்தகத்தில் வராது. எழுதியவர் இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்து நகல் வாங்கலாம். பதிவு செய்யாத உயிலும் செல்லும் என்பதால், எல்லா வாரிசுகளையும் பத்திரத்தில் சேர்ப்பதே பாதுகாப்பு. மைனர் பெயரிலான தனிச் சொத்தை, நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாயோ தந்தையோ விற்றிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்தக் குழந்தை மேஜரான பிறகு மூன்று வருடம்வரை அந்தக் கிரயத்தை எதிர்த்து வழக்குப் போடலாம்.

சரி, விடுபட்ட அக்கா இருக்கிறார் என்று தெரிந்துவிட்டது, என்ன செய்வது? கிரயப் பத்திரத்தில் அவரை விற்பவர்களில் ஒருவராகச் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். அல்லது அவர் தன் பங்கைச் சகோதரர்களுக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்யட்டும். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணம் 10,000 ரூபாய்க்கு மேல் போகாது. சாட்சியாக அவர் கையெழுத்துப் போட்டால் பங்கு உங்களுக்கு வராது. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதி வாங்குவதிலும் பயனில்லை.

அவர் வெளிநாட்டில் இருந்தால், இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பிறகு கிரயத்தன்று அவர் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், கொடுத்தவர் இறந்தால் பொதுவாக பவரும் முடிந்தது.

இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பெரிய தொகை கைமாறிய பிறகு, "அக்கா கையெழுத்தா? அதெல்லாம் வேண்டாம், நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும் என்றால், எல்லா வாரிசுகளின் பெயரையும் அதில் எழுதி, அவர்கள் அத்தனை பேரும் கிரயத்தில் கையெழுத்திட வராவிட்டால் அட்வான்ஸ் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு ஷரத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸைக் காசோலையாகவோ வங்கி மூலமாகவோ கொடுங்கள், ரொக்கம் வேண்டாம்.