சி.எஸ்.ஆர்: தமிழில் எப்படிச் சொல்வது?

'கார்ப்பரேட் சோஷியல் ரெஸ்பான்சிபிலிட்டி' என்று யாரும் முழுசாகச் சொல்வதில்லை, சி.எஸ்.ஆர். என்றால்தான் புரியும். "சி.எஸ்.ஆர்.ல பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் லேப் கொடுத்தாங்க" என்று ஒரு கம்பெனியைப் பற்றிக் கேட்கும்போது நன்கொடைக்கே வைத்த ஸ்டைலான பெயர் போலத் தோன்றும். ஆனால் அது நன்கொடை இல்லை.

கார்ப்பரேட்டுக்கு மூலம் லத்தீனின் 'கார்ப்பஸ்', அதாவது உடல். பல பேர் சேர்ந்து சட்டத்தின் முன் ஒரே ஆளாக நிற்கிறார்கள் இல்லையா, அதுதான். ரெஸ்பான்சிபிலிட்டிக்கு அடியில் இருப்பது 'பதில் சொல்' என்னும் லத்தீன் வினை. ஆக, இந்த ஆள் ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதுதான் உள்ளே இருக்கும் பொருள், தானமோ இரக்கமோ அதில் எங்கும் கிடையாது. அதெல்லாம் சாரிட்டி, பிலான்த்ரபி ஆகிய சொற்களின் வேலை.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஹோவர்ட் போவன் 1953இல் தொழிலதிபர்களின் சமூகப் பொறுப்புகள் பற்றி ஒரு நூல் எழுதினார், இந்தப் பேச்சு சூடுபிடித்தது அதற்கப்புறம்தான். லாபம் ஈட்டுவதே கம்பெனியின் பொறுப்பு என்று 1970இல் இன்னொரு பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் எதிர்வாதம் வைத்தார். 1991இல் மேலாண்மைப் பேராசிரியர் ஆர்ச்சி கேரல் கம்பெனியின் பொறுப்புகளை ஒரு பிரமிடாக வரைந்தார்: அடியில் பொருளாதாரம், அதற்கு மேல் சட்டம், அப்புறம் அறநெறி, உச்சியில் மட்டும்தான் கொடை. நம் பேச்சில் அந்த உச்சி மட்டும் மிஞ்சி, கீழே இருக்கும் மூன்று அடுக்கும் காணாமல் போய்விட்டன. கழிவை ஆற்றில் விட்டுவிட்டு, கரையில் மரக்கன்று நட்டு, கன்றை விடப் பெரிய பெயர்ப்பலகை வைத்தாலும் அதுவும் சி.எஸ்.ஆர். என்றே ஆண்டறிக்கையில் ஏறிவிடுகிறது.

இதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு என்பேன். இந்தியாவில் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை சி.எஸ்.ஆர். பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் கணக்கில் வருவது செலவு மட்டும் என்பதால் சி.எஸ்.ஆர். என்ற சொல்லின் பொருளும் அந்தத் தொகைக்குள் சுருங்கிவிட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். நாளிதழ்களில் 'பெருநிறுவன சமூகப் பொறுப்பு' என்று போடுகிறார்கள், தவறில்லை. 'அறப்பணி', 'நன்கொடை' இரண்டும் பொருந்தாது, மேலே சொன்ன காரணம்தான். பழைய சொல் ஒன்று கச்சிதமாக இருக்கிறது: ஒப்புரவு. திருக்குறளில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம், ஈகை அதற்கு அடுத்தது. இல்லாதவருக்குக் கொடுப்பது ஈகை, உலக நடை அறிந்து எல்லாருக்கும் பயன்பட வாழ்வது ஒப்புரவு என்று வள்ளுவர் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறார். நாம்தான் கலந்துவிட்டோம்.

ஒரே தயக்கம், இன்று கிறிஸ்தவர்களிடையே ஒப்புரவு என்றால் சமரசம், மனம் பொருந்துதல் என்ற பொருளே முன்னால் நிற்கிறது. அதனால் அதே அதிகாரத்தின் முதல் குறளிலிருந்து வேறு சொல்லை எடுக்கலாம்: "கைம்மாறு வேண்டா கடப்பாடு". பதிலுக்கு எதுவும் எதிர்பார்க்காத கடமை, மழையைப் போல. 'நிறுவனச் சமூகக் கடப்பாடு' என்பது என் தேர்வு. பேச்சில் 'சமூகக் கடப்பாடு' போதும், 'சி.எஸ்.ஆர். ஃபண்ட்' வரும் இடத்தில் 'கடப்பாட்டு நிதி' என்று எழுதலாம்.