சம்பளம் குறையலையே, அப்புறம் என்ன?

ஆபீசில் பதவி இறக்கப்பட்டு, மனநல மருத்துவரான என்னிடம் இந்த மாதம் வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். நான்கு பேருக்கும் வேலை வேறு, வயது வேறு. கூட வருகிறவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வாக்கியம் மட்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றேதான். "வேலை ஒண்ணும் போகலை டாக்டர். சம்பளத்துல ஒரு பைசா குறைக்கலை. இவராப் போட்டு மனசைக் குழப்பிக்கிறாரு."

மூன்று தடவை தலையாட்டிவிட்டேன். நான்காவது தடவை எரிச்சல் வந்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். (யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இவருக்கு 44 வயது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 38 பேருக்கு மேனேஜர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு வீடியோ கால் வந்தது. பதினொரு நிமிடம் பேசினார்கள். நிறுவனத்தை மாற்றி அமைக்கிறோம், நடுவில் இருக்கும் ஒரு படியை எடுக்கிறோம் என்றார்கள். திங்கட்கிழமை முதல் அவருக்குக் கீழே ஒருவரும் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் அவரே இன்டர்வியூ எடுத்துச் சேர்த்த பெண்ணிடம்தான் இனிமேல் அவர் லீவு கேட்க வேண்டும்.

என்னிடம் வருவதற்கு முன் இதய மருத்துவரிடம் போயிருக்கிறார். நெஞ்சுவலி என்று ராத்திரியில் இரண்டு தடவை கேஷுவால்டி. ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் நார்மல். ஐந்து வாரம் வரைக்கும் மனைவியிடம் விஷயத்தையே சொல்லவில்லை. காலையில் எப்போதும் போலக் கிளம்பிப் போய், இரண்டாவது பேஸ்மென்ட்டில் 17-ஆம் நம்பர் தூண் பக்கம் காரை நிறுத்திவிட்டு, நாற்பது நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருப்பாராம். ஏன் என்று கேட்டேன். "லிஃப்ட் கதவு திறக்கும்போது உள்ள யாரு நிப்பாங்களோன்னு பயம் டாக்டர்."

போன வாரம் வந்தவர் ஒரு நர்ஸ். 22 வருட அனுபவம். வேலை பார்த்த மருத்துவமனை கைமாறியது. நர்சிங் சூப்பரின்டெண்டென்டாக இருந்தவரை வார்டு இன்சார்ஜ் ஆக்கிவிட்டார்கள். பேசப் பேச அவர் வலது கை அடிக்கடி இடுப்புப் பக்கம் போய் எதையோ தேடியது. ஸ்டோர் சாவிக்கொத்து அங்கேதான் தொங்கும். அதை வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் ஆகிறது. கை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

சரி, அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். வேலை என்றால் சம்பளம் மட்டும்தான் என்று யார் சொன்னது? 1930 வாக்கில் ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊரின் ஆலை மூடப்பட்டது. அங்கே போய் ஆராய்ந்தவர்களில் சமூக உளவியலாளர் மரீ யஹோடா ஒருவர். வேலை பணத்தோடு சேர்த்து இன்னும் ஐந்தைக் கொடுக்கிறது என்று அவர் பிற்பாடு சொன்னார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே பழக நாலு மனிதர்கள், பலர் சேர்ந்து செய்யும் காரியத்தில் ஒரு பங்கு, ஓர் அந்தஸ்து, சும்மா இருக்க விடாத ஒரு செயல். பதவி இறங்கியவர் கையில் இதில் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். திங்கட்கிழமை மீட்டிங்குக்குக் கூப்பிடுவதில்லை. கேன்டீனில் அவர் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. முக்கியமான மெயில்களில் அவர் பெயர் இல்லை.

அதிலும் நம் ஊரில் பதவி பெயரோடு ஒட்டிக்கொள்ளும் சமாச்சாரம். ஹெச்.எம். டீச்சர் ரிட்டயராகி இருபது வருடம் ஆனாலும் தெருவுக்கு அவர் ஹெச்.எம். டீச்சர்தான். பத்திரிகை அடித்தால் பெயருக்குப் பக்கத்தில் பதவியும் அடிக்கிறோம். ஊர்த் திருவிழாவுக்குப் போனால் "எப்ப வந்தே?"வுக்கு அடுத்த கேள்வியே "இப்ப என்ன போஸ்ட்ல இருக்கே?" என்பதுதான். இத்தனையையும் நாமே கட்டி வைத்துவிட்டு, அது இடிந்து விழுந்தால் மட்டும் "சம்பளம் வருதே" என்கிறோம்.

இன்னொன்றையும் பாருங்கள். வேலையே போனவர் வீட்டுக்கு மச்சான் வருவார், சித்தப்பா போன் போடுவார், பழைய சினேகிதர் ரெஸ்யூமே கேட்பார். விசாரிக்க ஆள் உண்டு. பதவி இறங்கியவரை விசாரிக்க ஒருவரும் வருவதில்லை. அதே அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அதே ஆட்கள் முன்னால் தினமும் போய் நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் நன்றி கெட்டவன் என்ற பட்டம் வேறு.

'மனசுதானே, உடம்புக்கு ஒன்றுமில்லையே' என்பவர்களுக்கு ஒரு தகவல். 1985-லிருந்து 1988-க்குள் லண்டனில் 10,308 அரசு ஊழியர்களைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். லண்டனில் அரசு அலுவலகங்கள் இருக்கும் பகுதியின் பெயரால் அழைக்கப்படும் வைட்ஹால் ஆய்வுகளில் அது இரண்டாவது. அதில் சேர்ந்தவர்கள் எல்லாருமே உத்தியோகத்தில் இருந்தவர்கள், மாதச் சம்பளம் வாங்கியவர்கள். ஆனாலும் பதவிப் படியில் கீழே போகப் போக இதய நோய் கூடிக்கொண்டே போனது. தன் வேலையை எப்படிச் செய்வது என்று தானே முடிவு செய்யும் வாய்ப்பு குறைவாக இருந்தவர்களிடம் அது அதிகமாகத் தெரிந்தது. சம்பளம் வந்துகொண்டிருந்தது என்பதால் அவர்கள் இதயம் அவர்களை விட்டுவைக்கவில்லை.

அடுத்து, தன்னம்பிக்கை. இவர்கள் எல்லாருமே ஒன்று சொல்வார்கள்: "அவங்க செஞ்சது சரிதான் டாக்டர், எனக்கு இப்ப எதுவுமே வரமாட்டேங்குது." எக்செல்லில் தினமும் போட்ட ஃபார்முலா மறந்துபோகிறது. மீட்டிங்கில் பேச வாய் திறந்தால் வார்த்தை வருவதில்லை. பதவி போனது, அப்புறம் தூக்கம் போனது, தூக்கம் போனதால் கவனம் போனது. கடைசியில் போனதை முதலில் போனதற்குக் காரணமாகக் காட்டுகிறார்கள்! அந்த மேனேஜரிடம் ஒரு சின்ன டைரி கொடுத்து, இரண்டு பக்கமும் எழுதச் சொன்னேன். இடது பக்கம் எத்தனை மணி நேரம் தூங்கினார், வலது பக்கம் அன்றைக்குச் செய்த தப்பு. இரண்டு வாரத்தில் ஐந்து தப்பு. அதில் நான்கு தப்பு, மூன்றரை மணிநேரம்கூடத் தூங்காத நாட்களில் நடந்தவை. டைரியையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுப்படியை எடுக்க முடிவு செய்தபோது அந்தப் படியில் நின்றவர்கள் எல்லாருக்கும்தான் கால் தட்டியது. கெட்டிக்காரர், சுமாரானவர் என்று பார்த்து யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது சந்திப்பில்தான் இதை அவரிடம் சொன்னேன். முதல் சந்திப்பில் சொன்னால் காதில் ஏறாது.

இனி, செய்யக்கூடாதவை. முதல் இரண்டு மாதத்தில் ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள். கண்டிப்பாக எழுதத்தான் வேண்டும் என்றால் எழுதி மேஜை டிராயருக்குள் போடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் மேலதிகாரிக்கு மெயில் அனுப்பாதீர்கள். காலையில் படித்தால் உங்களுக்கே கூச்சமாக இருக்கும். லிங்க்ட்இன்னைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். தூக்கத்துக்காகக் குடிக்காதீர்கள்: சீக்கிரம் தூங்கவைக்கும், மூன்று மணிக்கு எழுப்பியும் விட்டுவிடும். மச்சானுக்கு எழுதிக் கொடுத்த அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மாத்திரை அது. "பாதிதான் போடுறேன்" என்று ஆரம்பித்து, விட முடியாமல் வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

வீட்டில் மறைக்காதீர்கள். தயவுசெய்து. மறைப்பதற்கு ஆகும் உழைப்பு, வேலைக்கு ஆகும் உழைப்பைவிட அதிகம். அந்த மேனேஜரின் மனைவி இதெல்லாம் தெரிந்ததும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அஞ்சு வாரமா காலையில நான் கட்டிக் குடுத்த டிபனை எங்க உக்காந்து சாப்பிட்டாரு?"

ஆபீசில் ஒன்று செய்யுங்கள். புதிய வேலையில் என்ன எதிர்பார்க்கிறார்கள், அப்ரைசலில் எதை வைத்து மதிப்பிடுவார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாதி பயம் அங்கேயே போய்விடும். முன்னால் உங்களுக்குக் கீழே இருந்தவர் இப்போது மேலே என்றால், அவருக்கும் அது தர்மசங்கடம்தான். ஒரு டீ குடிக்கக் கூப்பிட்டு நீங்களே முதலில் பேசிவிடுங்கள்.

நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. இருபது வருடம் உழைத்தவரிடம் இதைச் சொல்ல வெள்ளிக்கிழமை சாயங்காலமும் பதினொரு நிமிடமும்தான் கிடைத்ததா? நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள். சொன்னதோடு விட்டுவிடாமல் அடுத்த வாரமும் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுங்கள்.

எப்போது எங்களிடம் வர வேண்டும்? அடி விழுந்த ஒரு மாதத்துக்குள் இப்படிக் கலங்குவதும், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தெளிவதும் சகஜம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனம் கனத்துக்கிடக்கிறது, விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது, பிள்ளைகள் பேச்சுகூட ரசிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அதை மனச்சோர்வு என்று எடுத்துக்கொண்டு வாருங்கள். மருந்து தேவைப்பட்டால் பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். மூன்றாம் நாளே "கேக்கலை" என்று நிறுத்தாதீர்கள்.

வீட்டார் ஒரு வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். "நான் இல்லாட்டி இன்சூரன்ஸ் பணமாவது உங்களுக்கு வரும்." இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாலும் சரி, அன்றைக்கே கூட்டி வாருங்கள். "தப்பா ஏதாவது யோசிக்கிறீங்களா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் இல்லாத நினைப்பு வந்துவிடாது. ராத்திரி நேரம், யாரும் கிடைக்கவில்லை என்றால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், வரும்போது ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை ஃபைல்களையும் எடுத்து வாருங்கள். தைராய்டும் பி12-உம் பார்த்திருந்தால் அந்தச் சீட்டும். எடுத்ததையே மறுபடி எடுத்துக் காசு கொட்ட வேண்டாம்.